அடக்கிச் சொல்லுதலும் சொல்லாது அடக்குதலும்

(பாலியல் நலக் கல்வி: உகாண்டா நாட்டுப் பணி தரும் படிப்பினைகள்)

தகுதி வழக்கினை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாக வகுத்துரைப்பார் நன்னூலார். அவற்றுள் முதலாவதாகிய இடக்கரடக்கல் என்பது, அவையில் சொல்லத் தகாத சொல்லை மறைத்து, அதன் பொருளைப் பிறிதொரு சொல்லால் உணர்த்துவதாகும். கால் கழுவி வந்தான் என்று கூறுங்கால் பொருளும் விளங்குகிறது. கேட்போர் முகமும் சுளிப்பதில்லை. இவ்விலக்கணத்தில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய உண்மை ஒன்றுண்டு. இலக்கண நூலார் சொல்லைத்தான் அடக்கச் சொன்னார்களேயன்றிச் செய்தியை அடக்கச் சொல்லவில்லை.

பாலியல் நலம் பற்றிய பேச்சு எழும்போது இவ்வேறுபாடு பெரிதும் மறக்கப்படுகிறது. நாணத்தோடு சொல்ல வேண்டியவற்றை நாணத்தின் பெயரால் சொல்லாமலே விட்டுவிடுகிறோம். இளைஞர்கள் தாம் அறிய வேண்டியவற்றை அறியத் தகாத இடங்களிலிருந்து அரைகுறையாக அறிந்துகொள்கின்றனர். எய்ட்ஸ் நோய் பரவிய காலத்தில், மௌனத்தின் விலை என்ன என்பதைப் பல்லாயிரம் உயிர்களைப் பறிகொடுத்து உணர்ந்த நாடு கிழக்கு ஆப்பிரிக்காவிலுள்ள உகாண்டா. பின்னர் அம்மௌனத்தைக் கண்ணியம் குன்றாமல் கலைத்துக் காட்டிய நாடும் அதுவே. அங்கு மருத்துவர்கள், நோயாளர் குடும்பத்தார், பள்ளிவாசல் இமாம்கள், கிராமத்து அத்தைமார் ஆகியோர் ஆற்றிய பணியினையும், அப்பணி நமக்கு உணர்த்தும் படிப்பினைகளையும் இக்கட்டுரையில் காண்போம்.

மெலிவு நோய்

1982ஆம் ஆண்டு, விக்டோரியா ஏரிக்கரையிலுள்ள ராக்காய் மாவட்டத்து மீனவச் சிற்றூராகிய காசென்செரோவில் இனம்புரியாத நோயால் மக்கள் மடியத் தொடங்கினர். உடல் நாளுக்கு நாள் மெலிந்து எலும்புக்கூடாகியதால் மக்கள் அதனை 'ஸ்லிம்', அதாவது மெலிவு நோய், என்றே அழைத்தனர். எல்லைக்கு அப்பாலிருந்து வந்த வணிகர்களை ஏமாற்றியதால் அவர்கள் வைத்த சூனியமே இது என்று ஊரார் நம்பினர். காரணம் இன்னதென்று எடுத்துரைப்பார் இல்லாத இடத்தில் மக்கள் தாமே ஒரு காரணத்தைப் படைத்துக்கொள்வர் என்பதற்கு இது சான்று.

1986ஆம் ஆண்டு தொடக்கத்தில், நீண்ட உள்நாட்டுப் போருக்குப்பின் யோவேரி முசவேனி ஆட்சிக்கு வந்தார். அவ்வாண்டு ஜெனீவாவில் கூடிய உலக நலவாழ்வுப் பேரவையில் உகாண்டாவின் நலவாழ்வு அமைச்சர் ருகாகானா ருகுண்டா தம் நாட்டில் எய்ட்ஸ் பரவியிருப்பதை வெளிப்படையாக அறிவித்தார். நாட்டின் பெயர் கெடும் என்று அஞ்சிப் பல அரசுகள் வாய்திறவாதிருந்த காலம் அது. அதே ஆண்டு, பயிற்சிக்காகக் கியூபாவுக்கு அனுப்பப்பட்ட 60 படைவீரர்களுள் 18 பேருக்கு எச்.ஐ.வி. தொற்று இருப்பதைப் பிடல் காஸ்ட்ரோ தம்மிடம் தெரிவித்ததாக முசவேனி பின்னர்க் கூறியுள்ளார். அதன்பின் அவர் சென்ற ஊர்தோறும் பேசிய கூட்டந்தோறும் இந்நோயைப் பற்றிப் பேசுவதை வழக்கமாகக் கொண்டார்.

அச்சம் செய்ததும் அன்பு செய்ததும்

தொடக்கக் காலப் பரப்புரை அச்சத்தையே கருவியாகக் கொண்டது. ஆபத்தை அறிவிக்கும் முரசொலியுடன் வானொலியில் எச்சரிக்கைகள் ஒலித்தன. உறங்கியோரை அவை விழிக்கச் செய்தன என்பதில் ஐயமில்லை. ஆயினும் அச்சம் ஓரளவுக்கு மேற்சென்றால் மக்கள் நோயை விட்டு நோயாளியை வெறுக்கத் தலைப்படுவர். நோயாளி வெறுக்கப்படும் ஊரில் தம்மைப் பரிசோதித்துக்கொள்ள எவரும் முன்வாரார். தொற்று மறைந்து நின்று மேலும் பரவும்.

இந்நிலையை மாற்றியவர்களுள் இருவர் குறிப்பிடத்தக்கவர். ஒருவர் நோரீன் காலீபா அம்மையார். அவர்தம் கணவர் கிறிஸ்டோபர், ஏற்றப்பட்ட இரத்தத்தின் வழியாகத் தொற்றுக்கு ஆளாகி 1987ஆம் ஆண்டு சனவரியில் காலமானார். மருத்துவமனையிலும் அண்டை அயலிலும் தாம் கண்ட புறக்கணிப்பு பிறர்க்கு நேரக்கூடாதெனக் கருதிய அம்மையார், அவ்வாண்டே தம்மையொத்த துயருற்றோர் சிலருடன் சேர்ந்து 'டாசோ' எனும் எய்ட்ஸ் ஆதரவு அமைப்பைத் தோற்றுவித்தார். நோயுற்றோருக்கு ஆறுதலும் அறிவுரையும் மருத்துவமும் அளித்த அவ்வமைப்பு நாளடைவில் ஆப்பிரிக்கா முழுவதற்கும் முன்னோடியாயிற்று.

மற்றொருவர் பில்லி லுடாயா எனும் பாடகர். புகழின் உச்சியிலிருந்த அவர், தமக்கு எய்ட்ஸ் இருப்பதை 1989இல் நாடறியச் சொன்னார். பள்ளிகளிலும் வழிபாட்டு இல்லங்களிலும் இளைஞரிடையே பேசினார். அவ்வாண்டு டிசம்பரில் மறைந்தார். அதுகாறும் சுவரொட்டியில் மண்டையோடாகக் காட்டப்பட்ட நோய்க்கு மக்கள் நேசிக்கும் ஒரு மனிதமுகம் கிடைத்தது.

மேய்ச்சல் நிலத்துச் சொல்

ஆட்சியாளர் கையாண்ட முழக்கம் ஒன்று மொழி பயில்வோர் நோக்கத்தக்கது. கிழக்கு ஆப்பிரிக்க உழவர் கறவை மாட்டைத் தொழுவத்திலேயே கட்டிவைத்துத் தீவனமிட்டு வளர்க்கும் முறைக்கு 'ஸீரோ கிரேஸிங்' என்று பெயர். வெளிமேய்ச்சல் இல்லை என்பது அதன் பொருள். அச்சொல்லே இல்லற ஒழுக்கத்திற்கு உரிய முழக்கமாக்கப்பட்டது. தம் இல்லத்துக்கு வெளியே உறவு நாடாதீர் என்பதனைக் குழந்தை முதல் முதியோர் வரை கூடியிருக்கும் அவையிலும் கூசாமல் சொல்ல முடிந்தது. தமிழிலும் மேய்தல் என்னும் சொல்லுக்கு இத்தகைய குறிப்புப் பொருள் உண்டென்பதை நாம் அறிவோம்.

இம்முழக்கத்தில் ஒரு நுட்பமும் அமைந்திருந்தது. ஒன்றுக்கு மேற்பட்ட மனைவியர் உடைய குடும்பங்கள் அங்கு உண்டு. ஒருவனுக்கு ஒருத்தி என்று மட்டும் சொல்லியிருந்தால் அக்குடும்பத்தார் இது நமக்கன்று என ஒதுங்கியிருப்பர். இல்லத்துக்குள் நில்லுங்கள் என்ற சொல் அவர்களையும் உள்ளடக்கியது. மருத்துவ நோக்கிலும் அது பொருந்துவதே. தொற்று இல்லாத ஒரு குடும்பத்தார் தமக்குள்ளேயே நிற்பின் இவ்வழியாக நோய் உட்புக வாயில் இல்லை.

ஆனால் அம்முழக்கம் சொல்லாமல் விட்ட ஒன்றும் உண்டு. கணவன் முன்னரே தொற்றுற்றவனாயின், மனைவி எவ்வளவு கற்புடையவளாயினும் அவளுக்குக் காப்பில்லை. ஒழுக்கத்தோடு பரிசோதனையும் வேண்டும் என்பதை உணர்ந்தோர் 1990ஆம் ஆண்டு கம்பாலாவில் எய்ட்ஸ் தகவல் மையத்தை நிறுவினர். பெயர் கூறாமலே பரிசோதித்துக்கொள்ள அங்கு வசதி இருந்தது. திருமணத்துக்கு முன் பரிசோதனை நாடிய இணையர் பலரும் அங்குச் சென்றனர்.

பள்ளிவாசலில் தொடங்கிய பணி

உகாண்டா மக்களுள் முஸ்லிம்கள் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கினர். 1988ஆம் ஆண்டு தோன்றிய உகாண்டா இஸ்லாமிய மருத்துவச் சங்கத்து மருத்துவர்கள், தம் சொல்லைக் காட்டிலும் ஊர் இமாமின் சொல்லே மக்கள் உள்ளத்தில் பதியும் என்பதை உணர்ந்திருந்தனர். எனவே 1989இல் முஃப்தியின் ஒத்துழைப்புடன் நாட்டின் மார்க்கத் தலைவர்களைக் கூட்டி, நோயின் தன்மையை எடுத்துரைத்துக் கலந்தாய்ந்தனர். எய்ட்ஸுக்கு எதிரான ஜிஹாத் என அப்பணி அறிவிக்கப்பெற்றது. ஜிஹாத் என்னும் சொல்லுக்கு முயன்று பாடுபடுதல் என்பதே அடிப்படைப் பொருள் என்பதை இங்கு நினைவிற்கொள்ளல் தகும்.

1992ஆம் ஆண்டு, இமாம்கள் வாயிலாகக் குடும்பங்களுக்கு எய்ட்ஸ் கல்வி அளிக்கும் திட்டம் தொடங்கப்பட்டது. அதன் அமைப்பு எளிமையானது. ஒவ்வொரு பள்ளிவாசலிலிருந்தும் இமாமும், அவருக்குத் துணையாக ஓர் ஆணும் ஒரு பெண்ணும் பயிற்சி பெற்றனர். இமாம் ஜும்ஆ உரையிலும் திருமண அவையிலும் பொதுவாகப் பேசுவார். துணைவர் இருவரும் வீடு வீடாகச் சென்று குடும்பத்தாருடன் பேசுவர். ஆடவர் ஐயத்தை ஆடவரும் பெண்டிர் ஐயத்தைப் பெண்ணும் கேட்டறிந்து தெளிவித்தனர். மிம்பரில் சொல்லத் தக்கதும் அடுக்களையில் அமர்ந்து சொல்லத் தக்கதும் வெவ்வேறு என்பதை அறிந்து வகுத்த முறை இது. காலப்போக்கில் 11 மாவட்டங்களுக்குப் பரவிய இத்திட்டத்தில் 8000க்கும் மேற்பட்ட மார்க்கத் தலைவர்களும் தொண்டர்களும் பயிற்சி பெற்றனர். 1995இல் மத்ரஸா மாணவர்களுக்கும் இக்கல்வி விரிவாக்கப்பட்டது. ஐக்கிய நாடுகளின் எய்ட்ஸ் அமைப்பு 1998ஆம் ஆண்டு இதனைப் பிறர் பின்பற்றத்தக்க முன்மாதிரியாக எடுத்துக்காட்டி நூல் வெளியிட்டது.

இமாம்கள் கற்பித்தவற்றுள் இரண்டு செய்திகள் நம் உள்ளத்தைத் தொடுவன. முதலாவது, சுன்னத் செய்யும்போது ஒரே கத்தியைப் பல சிறுவர்க்குப் பயன்படுத்தலாகாது; ஒவ்வொருவருக்கும் தனிப் பிளேடு வேண்டும் என்பது. இரண்டாவது, மையத்தைக் குளிப்பாட்டுவோர் கையுறை அணிதல் வேண்டும் என்பது. தொற்று அச்சத்தால் மையத்தைத் தொடத் தயங்கும் நிலை ஓர் ஊரில் எழுமானால், இறந்தவருக்குச் செய்ய வேண்டிய இறுதிக் கடமை எவ்வாறு நிறைவேறும்? ஒரு சோடிக் கையுறை உயிரோடிருப்பவருக்குக் காப்பாகவும் இறந்தவருக்குக் கண்ணியமாகவும் அமைந்தது. மார்க்கக் கடமையை விலக்காமல், அதனைப் பாதுகாப்பாக நிறைவேற்ற வழிகாட்டியமையாலேயே மக்கள் அவ்வறிவுரையை ஏற்றனர்.

மறுப்பும் தெளிவும்

இப்பணி தடையின்றி நடந்தேறியதாக எண்ண வேண்டா. ஆணுறை பற்றிய பேச்சு எழுந்தபோது மார்க்கத் தலைவர் பலர் உடன்படவில்லை. தீயொழுக்கத்துக்கு அது வழிவிடும் என்பது அவர்தம் அச்சம். அவ்வச்சத்தை அறியாமை என்று மருத்துவர்கள் எள்ளி ஒதுக்கவில்லை. திருமணத்துக்கு முன் விலகியிருத்தலும் திருமணத்துக்குப்பின் உண்மையாயிருத்தலுமே முதன்மைப் பாடங்களாக நின்றன. அதே வேளையில் இருவருள் ஒருவர் தொற்றுற்ற கணவன் மனைவியரின் நிலையையும் மருத்துவர்கள் எடுத்துரைத்தனர். உயிரைக் காத்தல் ஷரீஅத்தின் தலையாய நோக்கங்களுள் ஒன்று என்பது அறிஞர் யாவரும் ஏற்ற கொள்கை. நீண்ட கலந்துரையாடலின் பின்னர், ஆணுறையைப் பொறுப்புடன் பயன்படுத்துதல் பற்றிய விளக்கமும் பாடத்திட்டத்தில் இடம்பெற்றது.

பயிற்சி நடைபெற்ற இடங்களில் ஈராண்டுகளுக்குப்பின் நிகழ்த்திய ஆய்வில், நோய் பரவும் வழிகளைப் பற்றிய அறிவு வளர்ந்திருந்ததும், பலருடன் உறவுகொள்வோர் தொகை குறைந்திருந்ததும் தெரியவந்தன. ஒழுக்கத்தைப் போதிப்பதும் உண்மையை மறைக்காமையும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு இது சான்றாகும்.

அத்தையின் பொறுப்பு

உகாண்டாவின் பெரும் இனத்தாராகிய பகண்டா மக்களிடையே 'செங்கா' என்னும் உறவுமுறை உண்டு. தந்தையின் உடன்பிறந்தாளாகிய அத்தையைக் குறிக்கும் சொல் அது. பருவமெய்திய பெண்ணுக்கு இல்லற வாழ்வு பற்றி எடுத்துரைப்பது செங்காவின் கடமை. தாயோ தந்தையோ வாய்விட்டுச் சொல்லக் கூசுவனவற்றை அத்தை சொல்லலாம் என்பது மரபு. நகர வாழ்வும் இடப்பெயர்ச்சியும் பள்ளிக் கல்வியும் பெருகியபோது, பல குடும்பங்களில் அத்தை தொலைவில் இருந்தாள். அவள் விட்ட இடத்தை நிரப்ப எவரும் இல்லை.

இம்மரபைப் புதுப்பிக்க முடியுமா என்று அந்நாட்டின் தென்மேற்குச் சிற்றூர்களில் ஆய்வாளர் சிலர் முயன்று பார்த்தனர். ஊரார் மதிக்கும் பெண்களைத் தேர்ந்து, எச்.ஐ.வி., பால்வினை நோய்கள், கருத்தடை முறைகள் ஆகியவற்றில் பயிற்சி அளித்தனர். இளம்பெண்கள் அவர்களை நாடிச் சென்று தம் ஐயங்களைக் கேட்டனர். பழைய செங்காவின் பாடம் கணவனை மகிழ்விப்பதையே பெரிதும் பேசியது. புதிய செங்காவோ பெண்ணின் உடல்நலத்தையும் அவள் தன்னைக் காத்துக்கொள்ளும் வழியையும் சேர்த்துப் பேசினாள். மரபின் வடிவத்தைப் போற்றிக்கொண்டே அதன் உள்ளீட்டைத் திருத்த இயலும் என்பதை இம்முயற்சி காட்டியது.

விளைந்த பயன்

1990களின் தொடக்கத்தில் உகாண்டாவில் வயதுவந்தோருள் ஏறத்தாழ 15 விழுக்காட்டினருக்கு எச்.ஐ.வி. தொற்று இருந்தது. 2004-05ஆம் ஆண்டு ஆய்வில் அது 6.4 விழுக்காடாகக் குறைந்திருந்தது. இவ்வீழ்ச்சிக்குத் தொற்றுற்றோர் பலர் மாண்டதும் ஒரு காரணம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் மக்களின் நடத்தையில் மாற்றம் ஏற்பட்டதும் உண்மை. எந்த அறிவுரை எவ்வளவு பயன் தந்தது என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு.

2004ஆம் ஆண்டு ஸ்டோன்பர்னர், லோ-பீர் எனும் ஆய்வாளர் இருவர் வெளியிட்ட கட்டுரை ஈண்டுக் கருதத்தக்கது. மற்ற நாடுகளில் மக்கள் பெரும்பாலும் வானொலி முதலிய ஊடகங்கள் வழியே எய்ட்ஸை அறிந்திருக்க, உகாண்டா மக்களோ நண்பர், உற்றார் வாய்ச்சொல் வழியாகவே மிகுதியும் அறிந்திருந்தனர் என்று அவர்கள் கண்டனர். தமக்குத் தெரிந்த ஒருவர் இந்நோயால் துன்புற்றதை அறிந்தோரும் அங்கு மிகுதி. இமாமும் அத்தையும் அண்டை வீட்டாரும் பேசியதன் ஆற்றலை இதனால் உணரலாம்.

பேச்சுத் தளர்ந்தால் பயனும் தளரும். 2011ஆம் ஆண்டு ஆய்வில் தொற்று விகிதம் 7.3 ஆக உயர்ந்திருந்தது. மருந்தின் உதவியால் நோயாளர் நீடு வாழ்ந்ததும் இவ்வுயர்வுக்கு ஒரு காரணமாயினும், புதிய தொற்றுகளும் நின்றபாடில்லை. நீண்டகாலம் இணைந்து வாழும் கணவன் மனைவியரிடையேயும் தொற்று நேர்ந்துகொண்டிருந்தது. மேலும், 2025ஆம் ஆண்டு அமெரிக்க நிதியுதவி திடீரென நிறுத்தப்பட்டபோது அந்நாட்டின் எச்.ஐ.வி. பணிகள் தடுமாறின. உள்ளூரில் வேர்கொள்ளாத பணி பிறர் கையை எதிர்நோக்கியே நிற்கும் என்பதை இது நினைவூட்டுகிறது.

நாம் பெறும் படிப்பினைகள்

இதுகாறும் கண்டவற்றிலிருந்து ஐந்து படிப்பினைகளைத் தொகுத்துரைக்கலாம்.

1. சொல்பவர் யார் என்பது சொல்லப்படும் செய்திக்கு இணையான வலிமை உடையது. அயலார் பத்து முறை சொல்வதினும் நம்பத்தக்கவர் ஒருமுறை சொல்வது மேல். ஆனால் நம்பத்தக்கவர் முதலில் தாம் கற்றிருத்தல் வேண்டும். உகாண்டா இமாம்கள் மருத்துவரிடம் பாடம் கேட்ட பின்னரே மக்களுக்குப் பாடம் சொன்னார்கள்.

2. அவைக்கு ஏற்ற சொல் வேண்டும். தனியிடத்தில் தெளிவான சொல்லும் வேண்டும். வெளிமேய்ச்சல் இல்லை என்பது பொதுக்கூட்டத்துக்குப் போதும். தொற்று எவ்வழியாகப் பரவும், எவ்வழியாகப் பரவாது என்பதை ஐயந்திரிபறச் சொல்ல அது போதாது. மறைபொருளே முழுப்பாடமாகிவிடின் கேட்போர் தவறாகப் பொருள்கொள்ள நேரும்.

3. பெண்களுக்குப் பெண்கள் சொல்லும் ஏற்பாடு இன்றியமையாதது. அதனோடு ஆடவரின் பொறுப்பை ஆடவரிடம் வற்புறுத்துவதும் அவ்வளவு இன்றியமையாதது. மனைவியின் கற்பு ஒன்றே குடும்பத்தைக் காத்துவிடாது.

4. நோயாளியை இழிவுபடுத்தும் கல்வி நோயை வளர்க்கும் கல்வியாகவே முடியும். கணவன் வழியாக மனைவியும், தாய் வழியாகக் குழந்தையும், இரத்தத்தின் வழியாக நோயாளியும் தொற்றுறக்கூடும். எவ்வழியாக வந்தது என்று துருவிக் கேட்பது நம் வேலையன்று.

5. அறிவு வளர வளரப் பாடமும் வளர வேண்டும். 1990களில் இந்நோய்க்கு முடிவு இறப்பே என்றனர். இன்றோ கூட்டு மருந்துகளை நாள்தோறும் தவறாது உட்கொள்வோர் ஏனையோரைப் போல் நீண்டநாள் வாழலாம். இரத்தத்தில் கிருமியின் அளவு கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து நிலைத்துவிட்டால், அவரிடமிருந்து உறவின் வழியாகத் தொற்றுப் பரவுவதில்லை. கருவுற்ற தாய் உரிய காலத்தில் மருந்துண்டால் குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு மிக மிகக் குறைகிறது. சுன்னத் செய்துகொண்ட ஆடவருக்குப் பெண்ணிடமிருந்து தொற்று நேரும் வாய்ப்பு ஏறத்தாழ 60 விழுக்காடு குறைவதாக ராக்காய் உள்ளிட்ட மூன்று இடங்களில் நிகழ்ந்த ஆய்வுகள் 2005 முதல் 2007 வரை வெளிப்படுத்தின. எனினும் அது முற்றான காப்பன்று என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நிறைவாக

பாலியல் நலக் கல்வி வேண்டுமா வேண்டாவா என்று நாம் வழக்காடிக்கொண்டிருக்கையிலேயே, நம் பிள்ளைகள் அதனை எங்கேனும் கற்றுக்கொண்டிருக்கின்றனர். யாரிடம் கற்கின்றனர் என்பது மட்டுமே நம் கையில் உள்ளது. பெற்றோரும் ஆசிரியரும் ஆலிம்களும் மருத்துவரும் ஓரிடத்தில் கூடியமர்ந்து, எந்த வயதினர்க்கு எதனை, யார், எச்சொல்லால் சொல்வது என்று முடிவு செய்தல் கூடாததொன்றன்று. நம்மினும் வறிய, போரால் நைந்த ஒரு நாடு அதனைச் செய்துகாட்டியிருக்கிறது.

இப்பணியில் தமிழ் பயில்வோர்க்கும் ஒரு பங்குண்டு. உடலைப் பற்றியும் நோயைப் பற்றியும் இழிசொல்லின்றி, மயக்கமின்றி, கேட்போர் நாணாமல் சொல்லத்தக்க சொற்களை ஆக்கித் தருதல் அவர்தம் கடமை. இடக்கரடக்கலை இலக்கணத்தில் பாடமாகக் கற்கும் மாணவர், அதனை மக்கள் நலத்துக்குப் பயன்கொள்வாராயின் கற்றதன் பயன் அதுவே.